பதினெட்டாவது குழிக்கு மேல் நின்ற பந்து

சாவகாசம் என்கிற கோல்ஃப் ஆட்டக்காரி கடைசிக் குழியை நோக்கி அடித்த பந்து தரைக்கு வந்து சேர ஒன்பது வருடம் இரண்டு மாதம் பதினோரு நாள் ஆனது. அன்று காற்று கிடையாது, வெயில் அளவாக இருந்தது, புல்லில் ஈரம் இல்லை. இவையெல்லாம் போட்டிப் பதிவேட்டில் இருக்கின்றன. மட்டையில் பட்ட சத்தம் சுத்தமாக இருந்ததாகக் கேட்டவர்கள் அத்தனை பேரும் சொல்கிறார்கள். பந்து எழுந்தது, குளத்தைத் தாண்டியது, குழியில் நட்டிருந்த கொடிக்கம்புக்குச் சற்று இடப்பக்கமாக நாலு மாடி உயரத்தில் வந்து நின்றது. பார்க்க வந்திருந்த முன்னூறு பேரும் அண்ணாந்து நின்றார்கள். கால் மணி நேரத்தில் பாதிப் பேருக்குக் கழுத்து பிடித்துக்கொண்டது. வாசலை மறித்து வண்டி நிற்கிறது என்று ஒலிபெருக்கியில் கூப்பிட்டதும் நாலைந்து பேர் போய் வண்டியை நகர்த்திவிட்டுத் திரும்பி வந்தார்கள். பந்து அங்கேயே இருந்தது. மறுநாள் வேலை நாள் என்பதால், பொழுது சாய்ந்ததும் எல்லோரும் வீட்டுக்குப் போனார்கள்.

இதில் யாரும் வாயைப் பிளந்ததாகத் தெரியவில்லை, ஏனென்றால் அவள் பந்து தாமதமாக இறங்குவது ஊரறிந்த சங்கதி. சாவகாசம் என்ற பட்டப்பெயர் வந்ததே அதனால்தான். பெற்றவர்கள் வைத்த பெயரைக் கேட்டால் அவளே ஒரு நொடி யோசித்துத்தான் சொல்வாள். பத்தொன்பது வயதில் அவள் கோல்ஃப் கிளப்பின் பயிற்சித் திடலில் பந்து பொறுக்கும் வண்டி ஓட்ட வந்தாள். கம்பி வலை போட்ட சின்ன வண்டி. பயிற்சிக்கு வந்த கனவான்கள் குறி பார்த்து அந்த வண்டி மேலேயே அடிப்பார்கள், அதில் அவர்களுக்கு ஒரு குஷி. வலைக்குள் உட்கார்ந்து நாளொன்றுக்கு இரண்டாயிரம் தப்பான அடிகளைப் பார்த்ததில், சரியான அடி எது என்று அவளுக்குத் தானாகவே பிடிபட்டுவிட்டது. இருபத்து மூன்றில் தொழில்முறை ஆட்டக்காரியாகப் பதிவு செய்துகொண்டாள். முதல் வருடம் அவள் பந்து மற்றவர்கள் பந்தைவிட இரண்டு விநாடி கூடுதலாக மேலே இருந்தது. இரண்டாம் வருடம், கூட ஆடுபவர்கள் அதற்குள் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொள்ள முடிந்தது. மூன்றாம் வருடம், பந்து இறங்குவதற்குள் அவள் அக்கா ஒரு வாழைப்பழத்தை உரித்துத் தின்று, தோலைத் தொட்டியில் போட்டுவிட்டு வந்து மட்டைப் பையைத் தூக்குவாள். விதிக்குழுத் தலைவர் ஒரு பல் டாக்டர்; அவர் பந்தை வாங்கி முகர்ந்து பார்த்தார், மட்டையைத் தட்டிப் பார்த்தார், விதிப்புத்தகத்தை முன்னும் பின்னும் புரட்டினார். பந்து எவ்வளவு நேரம் மேலே இருக்கலாம் என்று அதில் ஒரு வரியும் இல்லை. ஆகவே ஆட்சேபம் இல்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டார்.

அக்கா தையல்காரி. பள்ளிக்கூடச் சீருடை தைக்கும் கடையை மூடிவிட்டுத்தான் தங்கையின் பையைத் தூக்க வந்தாள், அதை வாரத்துக்கு இரண்டு முறை சொல்லிக் காட்டவும் செய்வாள். மூன்று வருடத்தில் சாவகாசம் பதினோரு போட்டிகளை ஜெயித்தாள். எப்படி என்று கேட்டால் அவளிடம் ஒரே பதில்தான். அடித்த குழியை அங்கேயே விட்டுவிட வேண்டும், அடுத்த குழிக்குத் தூக்கிக்கொண்டு போகக் கூடாது. இதை அவள் சும்மா சொல்லவில்லை. நிஜமாகவே மறந்துவிடுவாள். மூன்றாவது குழியில் எத்தனை அடி என்று நாலாவது குழியில் கேட்டால் விழிப்பாள். இது ஆட்டத்துக்கு நல்லது, கார்டுக்கு ஆபத்து. இந்த ஆட்டத்தில் ஒருவர் தம் கணக்கைத் தாமே எழுதக் கூடாது என்பது வழக்கம். கூட ஆடுபவர் ஒவ்வொரு குழிக்கும் எத்தனை அடி என்று கார்டில் எழுதுவார். கடைசியில் ஆடியவர் அதைச் சரிபார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். உள்ளதைவிட ஒன்று குறைத்து எழுதப்பட்டிருந்து, அதில் கையெழுத்தும் போட்டு ஒப்படைத்துவிட்டால் தீர்ந்தது. யார் எழுதினார் என்றெல்லாம் பார்க்க மாட்டார்கள், ஆடியவரைப் போட்டியை விட்டே நீக்கிவிடுவார்கள். அதனால் உலகத்தில் எல்லா ஆட்டக்காரர்களும் கார்டைத் தீக்குச்சி எண்ணுவதுபோல விரல் வைத்துப் படிப்பார்கள். சாவகாசம் படிக்கவே மாட்டாள். வாங்குவாள், கையெழுத்துப் போடுவாள், கொடுத்துவிடுவாள்.

"படிச்சுப் பாத்துட்டுப் போடேன், கை என்ன தேஞ்சா போயிடும்?" என்று அக்கா ஒவ்வொரு போட்டியிலும் கேட்பாள்.

"நான் அடிச்சாச்சு. எழுதுறது அவங்க வேலை. அவங்க வேலையையும் நானே பாக்கணுமா?"

அக்கா தலையில் அடித்துக்கொள்வாள். பதினோரு போட்டியிலும் கார்டு சரியாகவே இருந்தது என்பதால் அதற்கு மேல் பேச முடியவில்லை.

பெரிய கோப்பை ஒன்றுதான் பாக்கி இருந்தது. அதைத் தூக்கியவளுக்கு அதற்குப் பிறகு எந்த மைதானத்திலும் தகுதிச் சுற்று கிடையாது, நேரே உள்ளே போகலாம். கடைசி நாள் அவளோடு ஆடியவள் குடைக்காரி. வெயிலோ மழையோ மேகமோ, எப்போதும் ஒரு கறுப்புக் குடையோடு நடப்பதால் அந்தப் பெயர். ஆட்டத்தில் சுத்தக்காரி, வார்த்தையில் கருமி. பெரிய கோப்பையில் நாலு முறை இரண்டாவதாக வந்தவள். நாலு முறை இரண்டாவதாக வருவது என்ன வலி என்று, ஒரு முறையும் வராதவர்கள் சொல்லக் கூடாது. பதினேழு குழி முடிந்தபோது, பார்த்தவர்கள் எண்ணிய கணக்கில் இருவரும் சமம். பதினெட்டில் குடைக்காரி நாலு அடியில் முடித்துவிட்டாள். சாவகாசம் மூன்றில் முடித்தால் கோப்பை அவளுக்கு. முதல் அடியில் பந்து புல்வெளியின் நடுவில் விழுந்தது, வழக்கமான தாமதத்தோடு. இரண்டாவது அடிதான் மேலே நின்றுவிட்டது.

பல் டாக்டர் புத்தகத்தோடு மூன்று நாள் உட்கார்ந்து தீர்ப்புச் சொன்னார். பந்து எல்லோர் கண்ணுக்கும் தெரிவதால் அது தொலைந்த பந்து அல்ல. தரைக்கு வராததால் அடி முடியவில்லை. அடி முடியாததால் போட்டி முடியவில்லை, போட்டி முடியாததால் இருவரும் வேறு எங்கும் பெயர் கொடுக்க முடியாது. குழியை இடம் மாற்றக் கூடாது. பந்தை யாரும் தொடக் கூடாது, ஊதக் கூடாது. கார்டுகள் இரண்டையும் தனித்தனி உறையில் போட்டு ஒட்டி, ஒட்டின இடத்தில் இருவரையும் கையெழுத்துப் போடச் சொன்னார். இருவரும் சேர்ந்துதான் பிரிக்கலாம், அதுவரை எழுதியவரிடமே இருக்க வேண்டும். இதிலிருந்து வெளியே வர ஒரு வழி உண்டு, விலகுகிறேன் என்று எழுதிக் கொடுப்பது. சாவகாசம் விலகினால் கோப்பை குடைக்காரிக்குப் போகும், மறுநாளே இருவரும் வேறு மைதானங்களில் ஆடலாம். டாக்டர் அதற்கான தாளையும் தயாராகக் கொண்டுவந்திருந்தார். சாவகாசம் அதை வாங்கி மடித்து, ஆடிக்கொண்டிருந்த மேசைக் காலுக்கு அடியில் வைத்தாள். பந்து வரும், டாக்டர், என்று மட்டும் சொன்னாள்.

முதல் மாதம் தீயணைப்பு நிலையத்திலிருந்து ஏணி வண்டி ஒன்று, யாரும் கூப்பிடாமலே, உதவிக்கு வந்தது. தொடக் கூடாது என்று திருப்பி அனுப்பினார்கள். வண்டி ஓட்டிவந்தவர் போகாமல் அக்காவிடம் தண்ணீர் கேட்டுக் குடித்தார். அடுத்த வாரம் ஏணியைச் சோதித்துப் பார்க்கிற சாக்கில் மறுபடி வந்தார். ஆறாம் மாதம் அக்காவைக் கட்டிக்கொண்டார். இரண்டாம் வருடம் ஒரு சிட்டுக்குருவி பந்தின் மேல் உட்காரப் பார்த்தது, வழுக்கியதால் விட்டுவிட்டது. மழைக்காலத்தில் பந்திலிருந்து சொட்டிய நீர், மழை விட்டு ஒரு மணி நேரம் கழித்தும் சொட்டியது. மத்தியானத்தில் அதன் நிழல் காசளவுக்குப் புல்லில் விழும். அது கொடிக்கம்பின் அடியைத் தொடும்போது மணி சரியாகப் பன்னிரண்டே கால் என்று கண்டுபிடித்த உறுப்பினர்கள், அதைப் பார்த்துக் கடிகாரம் திருத்த ஆரம்பித்தார்கள். கல்யாண ஜோடிகள் அதன் கீழே நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். புல் வெட்டும் மெஷின்காரர் அந்த இடத்தை மட்டும் கைக் கத்திரியால் வெட்டினார். பெட்ரோல் விலை மூன்று முறை ஏறி ஒரு முறை இறங்கியது. எல்லோருக்கும் பல் பிடுங்கிய டாக்டர் தம் பல் அத்தனையும் விழுந்து செயற்கைப் பல் கட்டிக்கொண்டார், அதற்குப் பிறகு தீர்ப்புகளைச் சுருக்கமாகச் சொன்னார்.

சாவகாசம் பயிற்சித் திடலில் சொல்லிக்கொடுத்துப் பிழைத்தாள். அங்கே அவள் அடித்த பந்துகள் ஒழுங்காக நேரத்துக்குக் கீழே வந்தன. தினமும் மத்தியானம் பதினெட்டாவது குழிக்கு நடந்துபோய், நிழல் கம்பைத் தொடுவதைப் பார்த்துவிட்டு, கடைசி அடிக்கு வேண்டிய சின்ன மட்டையை எடுத்துத் துடைத்து, மறுபடி அங்கேயே சாய்த்து வைத்துவிட்டு வருவாள். இருபத்தாறு வயதில் அடித்த பந்து. முப்பது ஆயிற்று, முப்பத்து மூன்று ஆயிற்று. ஆட்டக்காரிக்கு இதுதான் விளைச்சல் காலம், இதைப் போய் அண்ணாந்து பார்த்தே கழிக்கிறாளே என்று அக்காவுக்கு வயிறு எரிந்தது. அந்த விலகல் தாளில் ஒரு கையெழுத்து, அதோடு விட்டது சனியன் என்று நாள் தவறாமல் சொன்னாள். அஞ்சாம் வருடம், தான் சொல்லிக்கொடுத்த பெண் ஒருத்தி வெளியூர் மைதானத்தில் ஒரு கோப்பையைத் தூக்கிய படத்தைப் பேப்பரில் பார்த்த அன்று, சாவகாசம் செருப்பு வைக்கும் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். தனக்கு வர வேண்டியது எல்லாம் வேறு பக்கம் போகிறதே என்றுதான் அழுதாள், அதில் மறைக்க ஒன்றும் இல்லை. பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு வெளியே வந்து, அண்ணாந்து பார்த்தாள். பந்து சரியான இடத்தில்தான் இருந்தது. நல்லா அடிச்ச பந்து, எங்கே போகும், என்றாள் அக்காவிடம். அதற்குப் பிறகு அவள் அழுததாகத் தகவல் இல்லை.

குடைக்காரியும் தினமும் வந்தாள். உறையை ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டு ரவிக்கைக்குள் வைத்திருப்பாள். பத்திரமாக அலமாரியில் பூட்டி வைக்கட்டுமா என்று டாக்டர் கேட்டதற்கு, வேண்டாம், அது என் பொறுப்பு, என்றாள். ஊரே அவள் பொறுப்பை மெச்சியது. விலகும் வழி அவளுக்கும் இருந்தது. ஆனால் விலகினால் உறையை ஒப்படைக்க வேண்டும், அதனால் அவள் விலகவில்லை. முதல் வருடம் இருவரும் நீங்க என்று பேசிக்கொண்டார்கள், மூன்றாம் வருடம் நீ ஆயிற்று. சாவகாசத்துக்குக் காய்ச்சல் வந்தபோது பன்னிரண்டே கால் நிழலைப் போய்ப் பார்த்துவிட்டு வந்து, தொட்டுச்சு, என்று கட்டிலோரம் நின்று சொன்னவள் குடைக்காரிதான். நீ விலகு என்று அவள் ஒரு நாளும் கேட்கவில்லை. இத்தனை நல்லவளாக இருக்கிறாளே என்று சாவகாசம் நினைத்துக்கொள்வாள். குடைக்காரிக்கு மட்டும் வருடத்துக்கு வருடம் இளைப்பு ஏறிக்கொண்டே போனது. வெறும் காகித உறைதான், ஆனால் எடை மெஷினில் அதோடு ஏறினால் நாலு கிலோ கூடுதலாகக் காட்டியது. மெஷின் பழுது என்று கிளப்பில் வேறு மெஷின் வாங்கினார்கள், அதுவும் அதையே காட்டியது.

ஒன்பது வருடம் முடிந்தபோது கிளப்புக்குப் புது நிர்வாகம் வந்தது. பதினெட்டாவது குழியைத் தோண்டி மூடிவிட்டு அங்கே நீச்சல் குளம் கட்ட முடிவாயிற்று. திங்கட்கிழமை காலை தோண்டும் மெஷின் வரும். டாக்டர் தம் புதுப் பல்லோடு வந்து, ஞாயிறு சாயங்காலம் வரைக்கும்தான் அவகாசம், குழி இல்லாவிட்டால் பந்துக்குப் போக்கிடம் இல்லை, அப்போது நீ விலகியதாகத்தான் எழுத வேண்டியிருக்கும் என்றார். வருத்தத்தோடுதான் சொன்னார். சாவகாசம் சரி என்றாள். ஞாயிறு மத்தியானம் நிழல் கம்பைத் தொட்டுவிட்டு நகர்ந்தது. அக்கா இரண்டு பிள்ளைகளோடும் கணவரோடும் வந்து புல்லோரத்தில் உட்கார்ந்திருந்தாள், வாயைத் திறக்கவில்லை. அக்கா பேசாமல் இருப்பதைப் பார்த்துத்தான் சாவகாசம் சின்ன மட்டையை அன்று இரண்டாம் தடவையாகத் துடைத்தாள். அப்போது குடைக்காரி வந்து எதிரே நின்றாள். நின்றவள் குடையை மடக்கினாள். அவள் குடையை மடக்கி அதுவரை யாரும் பார்த்ததில்லை.

"ஏழாவது குழியில நீ அடிச்சது அஞ்சு," என்றாள். "மணல்ல மாட்டுன, ஞாபகம் இருக்காது உனக்கு. நான் நாலுன்னு எழுதிட்டேன்."

"தப்பா எழுதிட்டியா?"

"தெரிஞ்சே எழுதினேன். நீதான் படிக்காம கையெழுத்துப் போடுறவளாச்சே. போட்டிருந்தா உன்னை நீக்கியிருப்பாங்க, கோப்பை எனக்கு வந்திருக்கும். அஞ்சாவது தடவையும் ரெண்டாவதா வர எனக்குத் தெம்பு இல்ல."

காய்ச்சலில் பக்கத்தில் நின்றவள் இவள்தானா என்று நினைத்தபோது சாவகாசத்துக்குக் கோபம் வந்தது. எழுந்து குடைக்காரி கையிலிருந்த குடையைப் பிடுங்கி, தன் பலம் அத்தனையும் திரட்டிக் குளத்தில் வீசினாள். அது விரிந்து கவிழ்ந்து மிதந்தது. அக்காவின் சின்னப் பிள்ளை கைதட்டியது. குடைக்காரி வெயிலில் வெறுந்தலையாக நின்றாள்; ஏசு, அடி, என்ன வேண்டுமானாலும் செய் என்பதுபோல நின்றாள். சாவகாசம் மேலே பார்த்தாள். ஒன்பது வருடமாக அந்தப் பந்து தன்னை வதைக்கிறது என்று ஊரே சொல்லிக்கொண்டிருந்தது. அது அன்றைக்கே இறங்கியிருந்தால் இறங்கிய பத்து நிமிடத்தில் தான் கையெழுத்துப் போட்டுக் கெட்டிருப்போம் என்று அவளுக்கு இப்போது விளங்கியது. நல்லா அடிச்ச பந்துதான், என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். பிறகு குடைக்காரியைப் பார்த்து, பேனா இருக்கா, என்று கேட்டாள்.

டாக்டரைக் கூப்பிட்டு, அவர் முன்னால் இருவருமாக உறையைப் பிரித்தார்கள். ஆடியவள் கார்டில் கையெழுத்துப் போடாத வரைக்கும் அது பிழையான எழுத்துதான், குற்றம் இல்லை, திருத்தலாம் என்று அவர் புத்தகத்தைப் பார்த்துச் சொன்னார். குடைக்காரி ஏழாவது கட்டத்தில் இருந்த நாலை அடித்து, பக்கத்தில் அஞ்சு என்று எழுதினாள். எழுதி முடித்துப் பேனாவை மூடும் சத்தம் கேட்டது. அடுத்து கேட்டது பந்து புல்லில் விழுந்த சத்தம்.

பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. எல்லாப் பந்தும் விழுவதுபோலத்தான் விழுந்தது. ஒன்பது வருட வெயிலில் பழுத்து, மஞ்சள் தட்டி, ஒரு முறை எம்பி, உருண்டு, குழிக்கு இரண்டு முழம் முன்னால் நின்றது. சாவகாசம் சாய்த்து வைத்திருந்த சின்ன மட்டையை எடுத்துக்கொண்டு போனாள். குனிந்தபோது முழங்கால் சொடக்குப் போட்டது. இருபத்தாறில் போடாத சொடக்கு. அவள் அவசரப்படவில்லை. தட்டினாள், பந்து உள்ளே போனது. மூன்று.

குடைக்காரி கடைசிக் கட்டத்தில் மூன்று என்று எழுதி, தன் கையெழுத்தைப் போட்டுக் கார்டை நீட்டினாள். சாவகாசம் வாங்கினாள். வாங்கின கையோடு, கட்டங்களின் பக்கம் கண்ணைத் திருப்பாமல், கீழே தன் கையெழுத்தைப் போட்டு டாக்டரிடம் நீட்டினாள். அக்கா எழுந்தே விட்டாள். டாக்டர் கார்டை வாங்காமல் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டார்.

"அம்மா, இவ்வளவுக்கு அப்புறமாவது ஒரு தடவை படிச்சுப் பாத்துருங்க."

"எழுதினவ படிச்சுட்டா டாக்டர்," என்றாள் சாவகாசம். "ஒம்பது வருஷமா படிச்சுக்கிட்டுத்தான் இருந்தா."

குடைக்காரி அப்படியே புல்லில் உட்கார்ந்து, சத்தம் போட்டு அழுதாள். சாவகாசம் அவளை எழுப்பவில்லை, பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். டாக்டர் கார்டை வாங்கி, பதினெட்டு கட்டங்களையும் விரல் வைத்து இரண்டு முறை கூட்டினார். சரியாக இருந்தது, குடைக்காரியைவிட ஒன்று குறைவு. கோப்பை அலமாரியின் சாவி துருப்பிடித்துப் போயிருந்ததால் பூட்டை உடைத்துத்தான் எடுக்க வேண்டியிருந்தது, அக்கா வீட்டுக்காரர் உடைத்துக் கொடுத்தார். "இனிமேலாவது சாப்பாட்டு நேரத்துக்கு வீட்டுக்கு வருவியாடி?" என்று அக்கா கேட்டாள்.

மறுநாள் தோண்டும் மெஷின் வந்தது. சாவகாசம் அதற்குப் பிறகு பதினான்கு வருடம் ஆடினாள், பெரிய கோப்பையை இன்னும் இரண்டு முறை தூக்கினாள். குடைக்காரி ஒரு முறை தூக்கினாள், அன்று அவள் கார்டை எழுதியவள் சாவகாசம். கூட ஆடும் நாட்களில் குடைக்காரி கார்டை நீட்டுவதற்கு முன்னால் பதினெட்டு எண்களையும் உரக்கப் படித்துக் காட்டுவாள், ஏழாவது வரும்போது தொண்டையைச் செருமிக்கொள்வாள். சாவகாசம் அதைக் காதில் வாங்காமல், இன்னும் இறங்காத ஏதாவது ஒரு பந்தைப் பார்த்துக்கொண்டிருப்பாள். கிளப்பில் இப்போது நீச்சல் குளம் இருக்கிறது. மத்தியானத்தில் காசளவு நிழல் ஒன்று தண்ணீரின் அடியில் மெதுவாக நகரும், மேலே பந்து ஒன்றும் கிடையாது. அது குளத்து ஏணியின் கடைசிப் படியைத் தொடும்போது மணி பன்னிரண்டே கால். உறுப்பினர்கள் ஈரக் கையோடு கடிகாரத்தைத் திருத்திக்கொண்டு சாப்பிடப் போகிறார்கள்.